சொல்லாமல் மாற்றிய கியர்பாக்ஸுக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1970களின் தொடக்கத்தில் வந்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்று இருக்கிறது. அதன் மூன்று வேக போர்க்-வார்னர் கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கியதால் (எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறவில்லை) பழைய கார்களைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். வேலைச் சீட்டில் ‘கியர்பாக்ஸ் ஓவர்ஹால்’ என்று எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் உரிமையாளர் தொலைபேசியில், “உள்ளே நிறையத் தேய்ந்திருக்கிறது” என்றார். நான், “பார்த்துச் செய்யுங்கள்” என்றேன். பிறகு போய்ப் பார்த்தால், வேறொரு காரிலிருந்து கழற்றிய நான்கு வேக இசட்எஃப் பெட்டியைப் பொருத்தி, அதற்கேற்ப, கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களை நோக்கிச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். முன்பணம் கொடுத்து எடுத்து வந்தேன். சில நூறு கிலோமீட்டரில் அதுவும் வழுக்கியது. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இப்போது மீதிப் பணமும் நிறுத்திவைத்ததற்கான நாள் வாடகையும் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்களாம். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. வண்டியை எடுத்து வந்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் டர்னர் என்பவர் பழுதுபார்க்க விட்டிருந்த தம் சொந்தக் காரைப் பணம் கொடுக்காமல் மாற்றுச் சாவியால் எடுத்துச் சென்றதற்காகத் திருட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1971-ல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. கார் உங்களுடையதாக இருந்தாலும், அது இன்னொருவரின் கைவசம் இருக்கும்போது நேர்மையற்று எடுத்தால் திருட்டாகக்கூடும் என்பதே அதன் பொருள். நல்ல வழக்கு ஒன்றை ஓர் இரவில் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே நான் சொல்பவை ஆங்கிலப் பொதுச் சட்ட மரபின் கொள்கைகள். அந்த மரபைப் பின்பற்றும் நாடுகளில் அடிப்படை இதுதான் என்றாலும், நுகர்வோர் சட்டமும் வழக்குத் தொடுக்கும் கால வரம்பும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவற்றை உள்ளூர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழுதுபார்ப்பவருக்குப் பற்றுரிமை உண்டு. தாம் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த உரிமை, நீங்கள் செய்யச் சொன்ன வேலைக்கு மட்டுமே பொருந்தும். மேலும், ஒருமுறை வண்டியை உங்களிடம் விட்டுக்கொடுத்த பிறகு, அது வேறு காரணத்துக்காகத் திரும்ப வந்தது என்பதற்காகப் பழைய பாக்கிக்கான பற்றுரிமை பொதுவாக உயிர்பெறாது. அவர்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்த அந்த நாள் உங்களுக்கு மிகவும் முக்கியமானது. ரசீதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். நாள் வாடகையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமது கூலிக்காகவே பொருளைப் பிடித்து வைத்திருப்பவர், அப்படிப் பிடித்து வைத்ததற்கும் வாடகை கேட்க முடியாது என்று 1860-லேயே, ஒரு கப்பலைப் பற்றிய வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. வேலைச் சீட்டில் நிறுத்தக் கட்டணம் பற்றி நீங்கள் கையெழுத்திட்ட வரி எதுவும் இருந்தால் மட்டும் நிலைமை மாறும். அந்தச் சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

இந்த வழக்கு நிற்பதும் விழுவதும், நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்கள் என்ற ஒரே கேள்வியில்தான் இருக்கிறது. ஓவர்ஹால் என்றால், இருக்கும் பெட்டியைப் பிரித்து, தேய்ந்த கிளட்ச் தட்டுகளையும் பேண்டுகளையும் சீல்களையும் மாற்றி, அதே பெட்டியைத் திரும்பப் பொருத்துவது. வேறு நிறுவனத்தின், வேறு வேக எண்ணிக்கை கொண்ட பெட்டியைக் கொண்டுவந்து, ஷாஃப்ட்டை வெட்டிப் பொருத்துவது வேறு வேலை. 1900-ல் லிடெஸ்டேல் என்ற கப்பலைப் பற்றிய வழக்கில், ஒப்பந்தத்தில் சொன்னபடி செய்யாமல் தம் விருப்பப்படி மாற்றிச் செய்த பழுதுபார்ப்பவர்களுக்கு அந்த வேலைக்கான பணம் கிடையாது என்றும், உரிமையாளர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாலேயே மாற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்று ஆகிவிடாது என்றும், பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சில் தீர்த்தது. வண்டியை எடுத்துச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினீர்களே என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது உங்களுக்குக் கைகொடுப்பது இந்தத் தீர்ப்புதான்.

ஆனால் “பார்த்துச் செய்யுங்கள்” என்ற அந்தச் சொல் எனக்குக் கவலை தருகிறது. நம் ஊடாட்டத்தில் அது மரியாதைக்காகச் சொல்லும் சொல். நீதிமன்றத்தில் அதை முழு அதிகாரம் கொடுத்ததாகப் படிக்க முயல்வார்கள். மாற்றுப் பெட்டி என்ற பேச்சே அந்த அழைப்பில் எழவில்லை என்றால், ஓவர்ஹாலைச் சரியாகப் பார்த்துச் செய்யுங்கள் என்பதே அதன் இயல்பான பொருள் என்று நாம் வாதிட முடியும். அன்று பேசியதை நினைவிலிருந்து, கூட்டாமலும் குறைக்காமலும், இன்றே எழுதித் தேதியிட்டு வையுங்கள். பணம் கொடுத்தபோது நீங்கள் ஆட்சேபித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். ஆட்சேபிக்கவில்லை என்றால் அதையும் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

சம்மதம் இருந்தது என்றே நீதிமன்றம் முடிவு செய்தாலும் உங்கள் கை தளராது. பழுதுபார்ப்பவர் தாம் வழங்கிப் பொருத்தும் உதிரிப் பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுதியானது என்று பொறுப்பேற்கிறார். உள்ளே மறைந்திருந்த குறை தமக்குத் தெரியாது என்பது விடையாகாது என 1934-ல் ஒரு கார் எஞ்சின் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. பெட்டி நல்லதாகவே இருந்து, பொருத்தியதில் கோளாறு என்றால், அது திறமைக் குறைவு. பழைய பெட்டியின் தூள் தங்கியிருந்த ஆயில் கூலரைக் கழுவாமல் புதியதை இணைத்திருக்கலாம். பெட்டியின் உள்ளழுத்தத்தைத் தீர்மானிக்கும் த்ராட்டில் கேபிளைச் சரியாக அமைக்காததால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகியிருக்கலாம். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுதும் உட்காரும் முன்பே போல்ட்டை இறுக்கிப் பம்ப்பைச் சேதப்படுத்தியிருக்கலாம். ஒவ்வொன்றும் தன் தடயத்தை உள்ளே விட்டுச் செல்லும். ஆயில் தட்டின் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருப்பது எல்லாப் பெட்டியிலும் காணும் தேய்மானம். பித்தளை நிறச் செதில்களோ கருகிய தட்டுத் துணுக்குகளோ இருந்தால் அவைதான் உங்கள் சாட்சி.

ஆகவே அவர்களே தனியாகப் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதிக்காதீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நிபுணர் முன்னிலையில், படம் எடுத்து, ஆயிலின் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் முத்திரையிட்டு வைத்த பிறகே பிரிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி உடனே வேண்டும் என்றால், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று ரசீதிலேயே எழுதிப் பணத்தைக் கட்டி எடுத்து, பிறகு திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். எடுத்த வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியில் ஏற்றுங்கள்.

பழைய பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாத வரை, கழற்றிய பாகம் உங்கள் சொத்து. உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொருளாகத்தான் அது அவர்களிடம் இருந்தது. கொடுத்துவிட அவர்களுக்கு உரிமை இல்லை. பழைய கார்களில் பெட்டியின் எண் காருடன் பொருந்துவது அதன் மதிப்பைக் கூட்டுவதால், நீங்கள் இரும்பு விலையைக் கேட்கக்கூடாது. அந்த எண் போனதால் காரின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதைக் கேட்க வேண்டும். பழைய படங்கள், சேவைப் புத்தகம், தயாரிப்பாளரின் ஆவணக் காப்பகச் சான்றிதழ் ஆகியவற்றில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்தப் பெட்டி இன்னும் எங்கோ ஓர் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கக்கூடும் என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டிய கடிதம் இதுதான்: பழைய கியர்பாக்ஸ் யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை என் செலவில்லாமல் மீட்டுத் தர வேண்டும், அதுவரை அதைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்று அதைப் பெற்றவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இதைச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பி, நகலை உங்கள் வழக்கறிஞரிடம் கொண்டு செல்லுங்கள்.