சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பு: கணிதமா, பயன்பாட்டுக் கணிதமா?

மகள் வணிகவியல் எடுக்கிறாள். எளிது என்பதால் பயன்பாட்டுக் கணிதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் ஆசை துளியும் இல்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். கொஞ்சம் இருந்தாலும் 041 குறியீடுள்ள கணிதமே பாதுகாப்பு.

2020-21 கல்வியாண்டில் வந்த பயன்பாட்டுக் கணிதத்தில் (குறியீடு 241) வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் கிடையாது. ஆனால் அணிகள், நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் உண்டு. கணக்குக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு அது புகலிடம் ஆகாது. கடன் தவணை, காலத்தொடர் (காலவாரியாகத் திரட்டிய தரவுகளை ஆராய்வது) போன்ற பகுதிகள் பி.காம்., சி.ஏ. படிப்பவர்களுக்கு நேரடியாகக் கைகொடுக்கும். (என்னைக் கேட்டால், தவணைக் கணக்கை எல்லாப் பிரிவினருக்குமே வைத்திருக்க வேண்டும்.)

பொருளாதாரமோ புள்ளியியலோ மனதில் இருந்தால், விரும்பும் கல்லூரியின் சேர்க்கை விதி 241ஐ ஏற்கிறதா என்று இப்போதே பாருங்கள். இன்னொன்று: எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பாடம் கிடைப்பதில்லை.