எக்ஸ்ரேயில் கழுத்துத் தேய்மானம்: தலைவலிக்கு அதுதான் காரணமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறேன், வயது 46. பனையோலைக் கொட்டான் முடைகிறேன். மாதம் நாலைந்து முறை பிடரி இறுகும். பிறகு பாதித் தலையும் கண்ணும் விண்விண்ணென்று தெறிக்கும். ஒருமுறை வலது என்றால் இன்னொரு முறை இடது. குமட்டும், முற்றத்து வெளிச்சம்கூடத் தாங்காமல் உள்ளறையில் படுத்துவிடுவேன். எக்ஸ்ரேயில் ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கிடையே தேய்மானம் என்று கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். குறையவில்லை. வேலையை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். எக்ஸ்ரேயை பீரோவில் வைத்துவிடுங்கள். இந்த வயதில் கழுத்து வலியே இல்லாத பலருக்கும் இதே தேய்மானம் இருக்கும். அந்த இடத்தில் நரம்பு அழுந்தினால் வலி தோள், கை, கட்டைவிரல் என்று கீழேதான் ஓடும்.

தலைக்கு ஏறுவது மேல் மூன்று கழுத்து நரம்புகளின் வலி. அவையும் முகத்து நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. அதனால் கழுத்துக் கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி கழுத்தில் வலிக்கும். மைக்ரேன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்து வலியும் உண்டு. பலருக்கு அதுதான் தொடக்கமே, பழி மட்டும் கழுத்துக்கு.

உண்மையாகவே கழுத்தால் வரும் தலைவலி பெரும்பாலும் பக்கம் மாறாது. கழுத்தைத் திருப்பினால் கிளம்பும், முழுக்கத் திருப்பவும் முடியாது. இறுக்கத் தலைவலி என்பது வேறு: துண்டை இறுக்கிக் கட்டினாற்போல இருபுறமும் அழுத்தும், ஆனால் வாந்தி வராது, வேலையும் ஓடும். உங்களுக்குப் பக்கம் மாறுகிறது, குமட்டுகிறது, வெளிச்சம் ஆகவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மைக்ரேன்தான். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் அது கூடுவதும் உண்டு.

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாதம் நாலைந்து முறை வருவதால், வராமல் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் 10, 15 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும்.

பட்டையைக் கழற்றுங்கள்; நாள் முழுக்கப் போட்டால் கழுத்துத் தசை தளர்ந்துபோகும். தூணில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்துக் கொட்டானை உயர்த்திப் பிடித்து முடையுங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். தைலம் தேய்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகுபவர்களிடம் தலையைக் கொடுக்காதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் அதில் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

இடி விழுந்தாற்போல் திடீரென வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், கண்ணிமை தொங்குதல், விழுந்து அடிபட்ட பிறகு வலி: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.