குறைந்த விலை ரைஃபிள் மானுக்குப் போதுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். கடையில் ரூகர் அமெரிக்கன் என்ற மலிவு ரைஃபிளைக் காட்டினார்கள். நண்பரோ, “வாங்கினால் ரெமிங்டன் 700 அல்லது வின்செஸ்டர் 70 வாங்கு, மற்றதெல்லாம் பிளாஸ்டிக்” என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் எதற்கு? – ஒரு வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: குறி தவறாமல் சுடுவதற்காக என்று நினைத்தால், இல்லை. ஒரு காலத்தில் பேரலை (குண்டு வெளிவரும் குழாய்) ரிசீவரில் (அது பொருந்தும் நடுப்பகுதி) சரியான ஆழத்துக்குப் பொருத்தக் கைதேர்ந்த ஆள் வேண்டும், கூலியும் அதிகம். 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைஃபிள் அதை மாற்றியது. பேரலைத் திருகி, ஆழம் சரியா என்று ஓர் அளவி வைத்துப் பார்த்து, ஒரு பெரிய நட்டால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. 2012-இல் கடைக்கு வந்த ரூகர் அமெரிக்கனும் அதே வழிதான். மலிவு ரைஃபிளின் பேரலை நம்பலாம் என்று நான் தைரியமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 8 அங்குல வட்டம். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகள் விழுந்தால் தாராளமாகப் போதும். உங்கள் பக்கத்துக் காடுகளில் அதைவிடக் கிட்டத்தில்தான் பெரும்பாலும் மான் நிற்கும்.

சிக்கனம் தெரிவது ஸ்டாக்கில், அதாவது ரைஃபிளைத் தாங்கிப் பிடிக்கும் கட்டையில். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு டாலர் நோட்டை மடிக்காமல் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரை இழுங்கள். எங்கும் தட்டாமல் போகும். அப்புறம் ஸ்டாக்கின் முன்பகுதியைப் பேரலை நோக்கி விரலால் அழுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து நோட்டைக் கவ்வும். மரக்கிளையில் சாய்த்துச் சுடும்போதும் இதேதான் நடக்கும், குண்டு விலகும். அதனால் முன்பகுதியின் நுனியை எதிலும் அழுத்தாதீர்கள். மேகசினுக்கு (தோட்டாப் பெட்டி) சற்று முன்னால் தாங்கிப் பிடியுங்கள். ரூகரில் ரிசீவர் இரண்டு எஃகுக் கட்டைகள் மேல் உட்காருவதால், இந்த விலையில் அது நல்ல ஏற்பாடு. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ள முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டு) கொஞ்சம் கரகரக்கும், பழகப் பழகச் சரியாகும்.

சரி, நண்பர் சொன்ன பெயர்கள்? 1936-இல் வந்த வின்செஸ்டர் 70 எனக்கு மிகவும் பிடித்த ரைஃபிள். மவுசர் என்ற பழைய ஜெர்மன் ரைஃபிளின் பாணியில், போல்டில் உள்ள ஒரு நீளமான நகம் தோட்டாவை மேகசினை விட்டு வந்ததுமே பிடித்துக்கொள்ளும், காலித் தோட்டாவை வெளியே எறியும்வரை விடாது. ஆனால் 1964-இல் செலவைக் குறைக்க அந்த நகத்தையே எடுத்துவிட்டார்கள். இன்றும் அதற்கு முந்தையவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ரெமிங்டனும் 2018-இலும் 2020-இலும் திவால் மனு போட்ட நிறுவனம். பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், எந்த வருடத்தில் செய்தது என்று கேளுங்கள். பழைய 700 கிடைத்தால் இன்னும் கவனம்: 2006 முதல் 2014 வரை பொருத்திய எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை (சுட விரலால் இழுக்கும் பகுதி), தானாகவே வெடிக்கக்கூடும் என்று, நிறுவனமே திரும்ப அழைத்தது. அது சரிசெய்யப்பட்டதா என்று தெரியாமல் கையில் எடுக்காதீர்கள்.

பின்னாளில் ஸ்டாக், விசை, பேரல் என்று ஒவ்வொன்றாக மாற்றும் ஆசை இருந்தால் 700 வாங்குங்கள். அதற்குக் கிடைக்கும் அளவுக்கு உதிரிகள் வேறெதற்கும் கிடைக்காது. முதல் வேட்டைக்கு என்றால் .308 என்ற தோட்டா அளவில் ரூகர் அமெரிக்கன் வாங்குங்கள். மிச்சப் பணம் நல்ல ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பயிற்சித் தோட்டாக்களுக்கும் போகட்டும். ரைஃபிளோடு சேர்த்தே விற்கும் மலிவு ஸ்கோப் வேண்டாம். அந்தி வெளிச்சத்தில் மான் வரும் நேரத்தில் அதில் எல்லாம் கலங்கித் தெரியும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். எச்-1பி விசாக்காரர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. எனவே முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு உரிமம், அதற்கப்புறம்தான் கடை. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். ரைஃபிள் வீட்டில் சும்மா இருந்தாலும் அது குற்றம். ஒவ்வொரு வருடமும் தேதி பார்த்துப் புதுப்பியுங்கள்.