உறையில் 33, காதில் 13: இயர் பிளக் வாங்குவோர் கவனத்துக்கு

கேள்வி: வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழா. மூன்று நாளும் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். சாமி புறப்பாட்டின்போது வேட்டும் உண்டு. சென்ற ஆண்டு கொடை முடிந்த மறுநாள் முழுவதும் என் காதில் ‘ஙொய்’ என்று இரைந்துகொண்டே இருந்தது. இம்முறை இயர் பிளக் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் ஒரு ஜோடி 30 ரூபாய்க்கும் இருக்கிறது, 2,500 ரூபாய்க்கும் இருக்கிறது. சிலவற்றில் 33 டெசிபல் என்றும் சிலவற்றில் 37 என்றும் போட்டிருக்கிறார்கள். எண் கூடுதலாக உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: வேண்டியதில்லை. முதலில், ஒலியை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் அந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவையாக இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க முறையில் சோதித்த பொருளில் ‘என்.ஆர்.ஆர்.’ என்றும், ஐரோப்பிய முறையில் சோதித்ததில் ‘எஸ்.என்.ஆர்.’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஒரே இயர் பிளக்குக்கு முதல் முறையில் 29 என்றும் இரண்டாவது முறையில் 37 என்றும் எண் வருவது உண்டு. ஆகவே எந்த அளவுகோல் என்று குறிப்பிடாமல் வெறுமனே ‘45 டெசிபல் குறைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பொருளை நான் வாங்க மாட்டேன். அமெரிக்க முறையில் ஃபோம் இயர் பிளக்குகள் பெறும் உச்ச எண்ணே 33தான்.

அந்த 33 முழுவதும் உங்கள் காதுக்குக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் பழகிய கையால் பொருத்தி எடுத்த அளவு அது. வேலையிடங்களுக்காக அமெரிக்காவில் வழங்கும் கணக்கின்படி, உறையில் உள்ள எண்ணிலிருந்து 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 33 என்பது 13 ஆகிவிடும். ஆனால் அந்த 13ஐச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பதும், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும் என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. அதன்படி, பெட்டிக்கு அருகில் 100 டெசிபல் ஒலிக்கும் இடத்தில் வெறுங்காதோடு 15 நிமிடம்தான் நிற்கலாம். 13 டெசிபல் குறைந்து 87 ஆகிவிட்டால் ஏறத்தாழ 5 மணி நேரம் இருக்கலாம்.

எனவே உங்கள் தேவைக்கு விலை குறைந்த ஃபோம் வகையே போதும். பொருத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு, பிளக்கைத் திரி உருட்டுவதுபோல் மெல்லியதாக, மடிப்பு விழாமல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத் துளை நேராகும். உள்ளே செலுத்தியபின் அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். ஒலி சட்டென்று இன்னும் குறைந்தால் பிளக் சரியாக அடையவில்லை என்று பொருள், கழற்றி மறுபடி போட வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிளக் 30 ரூபாயானாலும் 2,500 ரூபாயானாலும் வீண்தான்.

விலை கூடியவற்றில் பெரும்பாலானவை வடிகட்டி பொருத்திய சிலிக்கான் வகை. அவை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், வில்லுப்பாட்டையும் நையாண்டி மேளத்தையும் தெளிவு கெடாமல் கேட்கலாம். கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். மேளக் கலைஞர்களுக்கு அது பயனுள்ள செலவு. காதைக் காக்க மட்டும் வாங்கும் உங்களுக்கு அது தேவையில்லை. காசே ஆகாத வழி ஒன்றும் உண்டு: திறந்த வெளியில் பெட்டியிலிருந்து உள்ள தூரம் இரு மடங்காகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கொடை முடியும் வரை படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள். பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது; பண்டிகைகளுக்காக அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 மணி வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் இல்லை. விழாக் குழுவினரிடம் பேசும்போது இது உதவக்கூடும்.

இரைச்சல் மீண்டும் வந்து நீடித்தாலோ, ஒரு காது திடீரென மந்தமானாலோ தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைவதற்கு முதல் சில நாள்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும்.

கேள்வி: நான்கு வயது மகளையும் விழாவுக்கு அழைத்துச் செல்கிறோம். வீட்டில் இரைச்சலை நீக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இருக்கிறது. அதையே மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஹெட்போன் பேருந்து எஞ்சினின் உறுமல் போன்ற சீரான, தாழ்ந்த ஒலியைக் குறைப்பதற்கானது. வேட்டு போன்ற திடீர் வெடிப்பொலிக்கு அதை நம்ப முடியாது. பெரும்பாலானவற்றில் செவிப் பாதுகாப்புக்கான தர எண்ணும் இருக்காது. ஃபோம் பிளக்கும் இந்த வயதுக்கு ஆகாது: காதுத் துளை சிறியது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. காதை முழுவதும் மூடும் குழந்தைகளுக்கான இயர் மஃப் வாங்குங்கள். உறையில் ‘இ.என். 352’ என்ற ஐரோப்பியத் தர எண்ணோ என்.ஆர்.ஆர். எண்ணோ இருக்க வேண்டும். கூடுமானால் கடைக்கே மகளை அழைத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். மெத்தை காதைச் சுற்றிக் கன்னத்தோடு படிய வேண்டும். கம்மல், கண்ணாடிக் காம்பு, பூ வைத்த பின்னல் ஆகியவை இடையில் சிக்கினால் அந்த இடைவெளி வழியாகவே ஒலி புகுந்துவிடும். கோடையில் மெத்தைக்குள் வியர்க்கும் என்பதால் அவ்வப்போது பெட்டியிலிருந்து தள்ளிப் போய்க் கழற்றித் துடைத்துவிடுங்கள். வேட்டு போடும் இடத்துக்கு மட்டும், மஃப் இருந்தாலும் குழந்தையைக் கொண்டு செல்லாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இயர் பிளக்கில், விளம்பரத்தில் சொன்ன தர எண் எதுவும் இல்லை. ‘சுகாதாரப் பொருள், திரும்பப் பெற இயலாது’ என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மனம் மாறியதால் திருப்புவது வேறு, சொன்னது ஒன்றும் வந்தது ஒன்றுமாக இருப்பது வேறு. விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தையும் வந்த உறையின் இரு புறங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். விற்பனையாளர் தமது பக்கத்தை மாற்றிவிடக்கூடும், ஆகவே படமெடுப்பதை இன்றே செய்துவிடுங்கள்.