ஸ்கூல் லீவு வரைக்கும் பெல்ட் தாங்குமா?

வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நோர்வூட் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பழைய டொல்பின் (டொயோட்டா ஹயேஸ்), 3எல் டீசல் எஞ்சின். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கினேன். விற்றவர் "டைமிங் பெல்ட் இப்பதான் போட்டது" என்றார். பில் எதுவும் தரவில்லை. போன வாரத்தில் இருந்து டேஷ்போர்டில் டீ-பெல்ட் லைட் எரிகிறது. ஒரு பாஸ் (மெக்கானிக்), "அது சும்மா எரியுது, பல்பைக் கழற்றி விடுறேன்" என்கிறார். இன்னொருவர் உடனே மாற்றச் சொல்கிறார். லீவு விட இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வேனை நிறுத்தினால் அன்றைய வருமானம் போய்விடும். லீவு வரை ஓட்டலாமா?
– ஒரு வாசகர், நோர்வூட்

பதில்: வேண்டாம் தம்பி. வருகிற சனிக்கிழமையே கராஜில் விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலைக்குள் வேலை முடிந்துவிடும், திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றலாம். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் நேரம் தவறாமல் ஓட வைக்கிற, பல் வைத்த ரப்பர் பட்டி.

பல்பைக் கழற்றச் சொன்ன பாஸ் முழுக்கப் பொய் சொல்லவில்லை. அந்த லைட்டுக்குப் பெல்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மீட்டரில் 100,000 கிலோமீட்டர் ஓடியதும் எரியும், அவ்வளவுதான். பெல்ட் மாற்றுகிறவர்தான் அதைத் திரும்பவும் அணைத்து வைக்க வேண்டும். விற்றவர் உண்மையிலேயே புதுப் பெல்ட் போட்டிருந்து, லைட்டை அணைக்க மறந்திருந்தால், நல்ல பெல்ட்டுக்கும் லைட் எரியும். பெல்ட்டே மாற்றாமல் லைட்டை மட்டும் அணைத்துவிட்டு விற்றிருந்தால், பல் தேய்ந்த பெல்ட்டை வைத்துக்கொண்டு லைட் அமைதியாக இருக்கும். ஜப்பானில் இருந்து வந்த பழைய வேன்களில் மீட்டரையே பின்னால் சுற்றிவிட்ட கதைகளும் உண்டு. ஆக லைட்டை நம்பியும் ஓட்ட முடியாது, நம்பாமலும் ஓட்ட முடியாது. உங்களிடம் பில் இல்லை, திகதி இல்லை. அப்படியானால் அந்தப் பெல்ட்டின் வயது தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வயது தெரியாத பெல்ட்டைப் பழைய பெல்ட் என்றே நான் கணக்கு வைப்பேன்.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மறப்பது. அந்த 100,000 கிலோமீட்டர் கணக்கு மலைப்பாதையை நினைத்துப் போட்டதல்ல. பெல்ட் தேய்வது சக்கரம் சுற்றுவதால் இல்லை, எஞ்சின் சுற்றுவதால். கொழும்பு பக்கம் டொப் கியரில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கும், நோர்வூட்டில் இருந்து தோட்டத்து ரோட்டில் இரண்டாம் கியரிலேயே ஒரு கிலோமீட்டர் ஏறுவதற்கும் எஞ்சின் சுற்றுகிற கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. மீட்டருக்கு இரண்டும் ஒரே கிலோமீட்டர். இதோடு காலையில் குளிருக்கு வேனை ஸ்டார்ட் செய்து, பிள்ளைகள் லயத்தில் இருந்து இறங்கி வரும்வரை நிறுத்தி வைப்பீர்களே, அந்த நேரம் மீட்டரில் ஏறவே ஏறாது. ஆனால் பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் மலையில் ஓடுகிற டீசல் வேனுக்கு 80,000 தாண்ட விடாதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். அது கம்பெனிக் கணக்கு இல்லை, என் கணக்கு.

திறந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. சீட்டைத் தூக்கி, பெல்ட் கவரில் யாராவது மார்க்கரால் கிலோமீட்டரும் திகதியும் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். நல்ல பாஸ்மார் எழுதி வைப்பார்கள். பிறகு கவரைக் கழற்றி, டோர்ச் அடித்து, பெல்ட்டின் முதுகைப் பாருங்கள். வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்திருப்பது, பல்லின் அடியில் கீறல், கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஒயில் ஈரம் இதில் எது இருந்தாலும் வேனை எடுக்காதீர்கள். எதுவும் இல்லை என்றால் பெல்ட் நல்லது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ரப்பருக்குள் கண்ணாடி நார் ஓடுகிறது, அது உள்ளே அறுபட்டுக்கொண்டு வந்தால் வெளியில் தெரியாது. பார்வைக்குப் புதுசாக இருந்த பெல்ட் பல் உதிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் எஞ்சினில் அந்த ஒரே பெல்ட்தான் மேலே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டையும் பக்கத்தில் டீசல் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் டீசல் நின்று எஞ்சின் அந்த நொடியே அணையும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடமே கிடையாது, பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை அடிக்கும். அப்புறம் எஞ்சின் மேல்பகுதியைக் கழற்றிச் செய்கிற ஹெட் வேலைதான். இது காசு நஷ்டம், எப்படியாவது தாங்கலாம். இறக்கத்தில் பிள்ளைகளோடு வரும்போது எஞ்சின் அணைந்தால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற வெற்றிடம் (வெக்கியூம்) வருவதும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வெற்றிடத்துக்கு ஒன்று இரண்டு முறை மிதிக்கலாம், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். ஏழு வாரம் பொறுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, என் காசைக் கொடுத்துப் படித்தது. என் சொந்த வேனுக்கு நானே பெல்ட் போட்டேன். பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டின் முன்பக்கத்தில், ஒயில் கசியாமல் அடைக்கிற சீலில் லேசாக ஈரம் இருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன், "இது கொஞ்சம்தானே, அடுத்த தடவை பார்ப்போம்" என்று கவரை மூடிவிட்டேன். ஊரார் வண்டி என்றால் அப்படி மூடியிருக்க மாட்டேன். 60,000 கூட ஓடவில்லை. கொழும்பில் ஒரு கல்யாணம் முடித்து, வீட்டுக்காரர்கள் ஒன்பது பேரோடு வருகிறோம். கினிகத்தேனை ஏற்றம், கித்துல்கலையில் பிடித்த மழை அங்கும் விடவில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கம்போல முக்கவில்லை, 'விர்ர்ர்' என்று தையல் மெஷின் மாதிரி லேசாகச் சுற்றியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எஞ்சின் பாரமில்லாமல் சுற்றினால் பெல்ட் போய்விட்டது என்று அர்த்தம். உங்களுக்கும் அப்படிக் கேட்டால் சாவியை விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்தால் மிச்சமிருக்கும் வால்வும் வளையும்.

ஒரு மரக்கறி லொறிக்காரர் கயிறு கட்டி ஹட்டன் வரை இழுத்து வந்தார். கவரைத் திறந்தால், பெல்ட் அறுந்திருக்கவில்லை. கிராங்க் பல்சக்கரத்தின் மேல் இருந்த பகுதியில் ஏழெட்டுப் பல் மொட்டையாகப் போயிருந்தது. ஒயிலில் ஊறி, ரப்பர் ஊறவைத்த ரஸ்க் மாதிரி நகத்தோடு வந்தது. எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சீல் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கிராங்க் சீல், கேம் சீல், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பெயாரிங், பெல்ட் ஓடுகிற ஐட்லர் சக்கரம் எல்லாவற்றையும் ஒரே கையோடு மாற்றுங்கள். பழைய பெயாரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், கரகர என்றால் அதுதான் அடுத்த பெல்ட்டின் எமன். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஹட்டனில் வாங்கினாலும் பெட்டியோடு வாங்குங்கள். ஆணியில் மடக்கித் தொங்கவிட்டிருக்கும் பெல்ட்டை எடுக்காதீர்கள். கூராக மடித்தால் உள்ளே இருக்கும் நார் முறிந்துவிடும், கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெல்ட் பூட்டியதும் பாஸ் சாவியைத் திருப்புவதற்கு முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பல்சக்கரங்களில் இருக்கும் எல்லா மார்க்கும் திரும்ப நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்கிற பாஸ் என்றால் வேறு பாஸைத் தேடுங்கள். கடைசியாக லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், கவரில் திகதியையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு ஆல்டோ, 800 சிசி. வீட்டில் இருந்து பாடசாலை, ஞாயிறு சந்தை, அவ்வளவுதான் ஓட்டம். 38,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. இப்போதே டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். காசு பிடுங்கப் பார்க்கிறார்களா?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: இல்லை டீச்சர், இந்தத் தடவை கராஜ்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ரப்பருக்கு ஓட்டம் ஒரு வயது, காலம் இன்னொரு வயது. அலமாரியில் பத்து வருஷம் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். எந்தப் பெல்ட்டாக இருந்தாலும் ஆறேழு வருஷத்துக்கு மேல் நான் விடமாட்டேன். உங்களுடையது அதையும் தாண்டி இவ்வளவு காலம் ஓடியிருப்பது உங்கள் நிதானமான ஓட்டத்தால்தான்.

இப்படி வயது போன கார்கள் இப்போது நிறைய வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். மாற்ற நினைத்தவர்களும் இருப்பதையே வைத்து ஓட்டினார்கள். கிலோமீட்டர் ஏறவில்லை, வயது மட்டும் ஏறிவிட்டது. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் வேகன் ஆர் 660 சிசி, ஜப்பான் வண்டி. டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது?
– ஒரு வாசகர், இராகலை

பதில்: மிகப் பழைய மொடல் இல்லையென்றால் உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே இல்லை, செயின்தான். அது எஞ்சின் ஒயிலிலேயே ஓடுவது, ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். இராகலைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி சலசலப்புக் கேட்டால் பயப்படாதீர்கள். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் காட்டுங்கள். பொனட்டைத் திறந்தால் பக்கத்தில் தெரிகிற பெல்ட் வேறு, அதை டைமிங் பெல்ட் என்று யாராவது பில் போட்டால், கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் தரச் சொல்லுங்கள். அதில் பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.