பேர்லேண்டில் வீடு தேடும் தம்பிக்கு

தம்பி, ஹியூஸ்டன் மருத்துவ மையத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்து ஆகஸ்டில் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் வருவதாகவும், தெற்கே பேர்லேண்டில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா, முதல் ஆறு மாதம் ஒரே காரில் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீடு தாராளமாகப் பார்க்கலாம். நான் பதினெட்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். இரண்டாவது கேள்வியைத்தான் நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் மனைவி கேட்டிருக்க வேண்டும்.

நானும் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக, வந்தவள்தான். காலை ஏழு மணிக்கு என் கணவர் காரை எடுத்துக்கொண்டு 288 நெடுஞ்சாலையில் ஏறினால் திரும்பி வர மாலை ஆறரை ஆகும். வந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் பால் தீர்ந்துவிட்டது. கடை ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. மதுரையில் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வந்தவளுக்கு இது ஒரு தூரமா என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குடியிருப்பின் மதிலோடு நடைபாதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சாலையோரம் புல் மண்டிய வாய்க்கால்தான். புல்லில் கால் வைத்தால் சிவப்பெறும்பு, தார்ச்சாலையில் வைத்தால் விரைந்து வரும் லாரி. ஆகஸ்ட் மாதத்து வெயிலோடு கடற்காற்றின் புழுக்கமும் சேர்ந்து, ஈரத் துணியை முகத்தில் போட்டது போல் இருந்தது. பாதி வழியில் ஒரு வயதான அமெரிக்க அம்மாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "உன் கார் எங்கே நின்றுவிட்டது?" என்று கேட்டார். இந்த ஊரில் நடப்பவர் என்றால் கார் கெட்டுப்போனவர் என்று பொருள். பால் வாங்கத்தான் போகிறேன் என்றதும் அவர் முகத்தில் வந்த இரக்கத்தை இன்றுவரை மறக்கவில்லை. என்னைக் கடைக்கு அழைத்துப் போய், காத்திருந்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

கையைக் காட்டி ஏறிக்கொள்ள நகருக்குள் டவுன் பஸ் கிடையாது. ஆகவே முதல் செலவு சோபாவும் பெரிய டிவியும் அல்ல, இரண்டாவது கார். இங்கே கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வங்கி வட்டியை ஏற்றிவிடும்; கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பழைய கொரோலா போதும். எச்-4 விசாவில் இருப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது என்பதால் ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கிடைக்கும். டெக்சாஸில் குடியேறியவர் 90 நாட்களுக்குள் இந்த மாநில உரிமம் எடுக்க வேண்டும். உரிம அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் வந்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். உங்கள் மனைவிக்கு 25 வயது ஆகவில்லை என்றால் ஆறு மணி நேர வகுப்பும் உண்டு. தேர்வில் சாலையோரம் கம்பங்களுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்தச் சொல்வார்கள். நான் முதல் முறை அதில்தான் தோற்றேன்.

உங்கள் மனைவி வேலைக்குப் போவது வேறு கதை. உங்கள் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான் அவர் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்கு வருடங்கள் ஆகலாம். படிக்கத் தடை இல்லை. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி வீடு. ஊர்ப்பெயரிலேயே பேரிக்காய் இருக்கிறதே என்று தோப்புகளைத் தேடாதீர்கள். 1900-ஆம் ஆண்டு கடற்கரை நகரமான கால்வெஸ்டனைச் சுருட்டிய புயல் அந்தப் பழத்தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 2000-இல் இங்கே 38,000 பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் பெரும்பகுதி 288-ஐ ஒட்டிய மேற்குப் பக்கத்தில் குடியேறினார்கள். உங்களுக்கும் அந்தப் பக்கம்தான் வசதி. சாலை காலியாக இருந்தால் மருத்துவ மையத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். காலை நேரத்தில் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நடுவில் கட்டணத் தடம் உண்டு, நெரிசல் நேரத்தில் கட்டணமும் ஏறும்.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். முகவரியில் பேர்லேண்ட் என்று இருப்பதால் பள்ளியும் பேர்லேண்ட் பள்ளி மாவட்டத்தில் (பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்) தான் இருக்கும் என்றில்லை. மேற்கே ஷேடோ கிரீக் ராஞ்ச் குடியிருப்பின் பெரும்பகுதி ஆல்வின் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த வீட்டு எண்ணையே பள்ளி மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். மகளுக்குச் செப்டம்பர் 1 அன்று ஐந்து நிறைந்திருந்தால் கிண்டர்கார்டனில் சேர்ப்பார்கள். தடுப்பூசிப் பதிவைக் கைப்பையில் கொண்டு வாருங்கள். சின்னம்மைக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கும் இரண்டிரண்டு தவணை கேட்பார்கள். நம் ஊர் அரசு அட்டவணையில் இவை இல்லாததால் பல பிள்ளைகளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அங்கேயே போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

வாடகை வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள், வெள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஊர் சப்பாத்தி போல் தட்டை. மழைநீருக்குப் போக வழி கிளியர் கிரீக் ஓடையும் சில வாய்க்கால்களும்தான். 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயலின்போது மழை நான்கு நாள் விடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் தபால்பெட்டிக்காகக் கட்டிய செங்கல் தூண் ஒன்று உண்டு. இரவெல்லாம் அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்து, எத்தனை வரிசை செங்கல் முழுகியிருக்கிறது என்று எண்ணினோம். இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வரிசை நனையத் தொடங்கியபோது மழை தணிந்தது. கார்களும் கம்பளமும் தப்பின. மூன்று தெரு தள்ளி ஓடைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு வாசலில் ஊறிய மெத்தையும் பெயர்த்தெடுத்த சுவர்ப் பலகையும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்தப் பூஞ்சை நாற்றம் ஒரு மாதம் போகவில்லை.

எனவே வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வீடு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, கடந்த ஐந்து ஆண்டுகளில் தண்ணீர் புகுந்து சேதம் ஆனதா என்பதை வாடகைக்கு வருபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் டெக்சாஸ் சட்டமே இருக்கிறது. சாதாரண வாடகைதாரர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பைசா தராது. வெள்ளக் காப்பீடு தனி. அரசுத் திட்டத்தில் எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் சுழல்வதைப் பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை. அமெரிக்கா என்றால் மின்வெட்டு இல்லை என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது ஹியூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டன. எங்களுக்கு ஐந்து நாள். ஒரு வாரத்துக்கு அரைத்து வைத்திருந்த மாவு முதல் நாளே பொங்கி வழிந்தது. தெருக்கோடியில் கேஸ் அடுப்பு இருந்த வீட்டில் எல்லோருக்குமாகத் தோசை வார்த்துத் தீர்த்தோம். பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர் ஏழு சாப்பிட்டார். 2021 பிப்ரவரிப் பனியில் என் முருங்கை கருகிப் போய், ஏப்ரலில் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. இந்த மண்ணைப் பற்றி அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

தனிமையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மக்லீன் சாலையில் 1982-இல் எழுந்த மீனாட்சி கோயில் இருக்கிறது. ஊரில் அவள் வீட்டுப் பக்கம் பிறந்தும் மாதம் ஒருமுறை போகாத நான், இங்கே வாரம் தவறாமல் போனேன். பக்தி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்காகத்தான். எனக்கு நெருங்கிய சிநேகிதிகள் எல்லாரும் அந்தச் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் கிடைத்தவர்கள்.

அந்தக் கோயிலின் வாகன நிறுத்துமிடம் வார நாட்களில் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். இரண்டு தண்ணீர்க் குடங்களைக் கம்பங்களுக்குப் பதிலாக நிறுத்தி, பின்பக்கமாகக் காரை நுழைக்க நான் பழகியது அங்கேதான். குடங்கள் இன்னும் கார் கொட்டகையில் இருக்கின்றன. வந்து இறங்கியதும் உங்கள் மனைவியை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.