‘டேடோனாவில் இடம் கன்ஃபார்ம்’ என்கிறார் ஏஜென்ட்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: வட கரோலினாவில் ஷார்லட்டில் இருக்கிறோம். 19 வயது மகன் இரண்டு வருஷமாக ஹிக்கரி டிராக்கில் லேட் மாடல் (உள்ளூர்ச் சின்ன டிராக்குகளுக்கான ரேஸ் கார்) ஓட்டுகிறான். அமெரிக்க கார் ரேஸ் அமைப்பான நாஸ்காரின் 2026 ஓரைலி சீரிஸ் முதல் ரேஸில், டேடோனாவில், இடம் உறுதியாக வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். மொத்தம் 75,000 டாலர், அதில் 40,000 இந்த வாரமே வேண்டுமாம். மகன் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறான். ரேஸ் பிப்ரவரி 14. பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விற்பது ‘உறுதியான இடம்’. அப்படி ஒரு சரக்கு இந்த சீரிஸில் கிடையாது.

நாஸ்காரின் மேல்தட்டான கப் சீரிஸில் 36 கார்களுக்கு ‘சார்ட்டர்’ உண்டு. அது கையில் இருந்தால் எல்லா ரேஸிலும் இடம் நிச்சயம். இரண்டாம் தட்டான ஓரைலி சீரிஸில் அது இல்லை. 2025வரை எக்ஸ்ஃபினிட்டி, அதற்கு முன் நேஷன்வைட், அதற்கும் முன் புஷ் என்று பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டிருக்கிறது. களத்தில் 38 கார்கள். பெரும்பகுதி தகுதிச் சுற்று வேகத்தை வைத்து நிரம்பும். மிச்சமிருக்கும் சில இடங்கள் ஓனர் புள்ளிகளை வைத்துப் போகும். இந்தப் புள்ளி காரின் ஓனருக்குச் சேர்வது, ஓட்டுநருக்கு அல்ல. சீசன் தொடக்கத்தில் போன வருஷக் கணக்குதான் செல்லும்.

அதனால் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது அல்ல. எந்த நம்பர் கார், போன சீசன் முடிவில் அதன் ஓனர் புள்ளிப் பட்டியலில் எத்தனையாவது இடம்? “முதல் இருபத்தைந்துக்குள்” என்று பதில் வந்து, டீமும் அதையே சொன்னால் மேற்கொண்டு பேசலாம். “புது டீம், ஆனால் கார் பறக்கும்” என்றால் போனை வைத்துவிடுங்கள்.

காரணம் மழை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், பலர் பணம் இழப்பது இங்கேதான். மழையால் தகுதிச் சுற்று ரத்தானால் வேகத்துக்கு வேலையே இல்லை. புள்ளி உள்ள கார் உள்ளே, இல்லாதது வெளியே. பிப்ரவரி டேடோனாவில் மேகம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீசனின் முதல் ரேஸ் என்பதால் 38-க்கு மேல் கார்கள் வந்து நிற்பதும் அங்கே வழக்கம். புள்ளி இல்லாத கார் ரேஸில் ஒரு லாப்கூட (டிராக்கை ஒரு முறை வலம் வருவது) ஓடாமல் லாரியில் ஏறித் திரும்பிவிடும். மழை இல்லாவிட்டாலும் உங்கள் மகனின் திறமைக்கு அங்கே வேலை குறைவு. டேடோனா தகுதிச் சுற்றில் மிதியைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதுதான் ஓட்டுநரின் பங்கு. நேரத்தைத் தீர்மானிப்பது இன்ஜினும், பாடி காற்றைக் கிழிக்கும் விதமும். ‘பையன் வேகமானவன், உள்ளே வந்துவிடுவான்’ என்று உங்களைக் குளிர்விப்பவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே பேசுகிறவர்.

அடுத்தது ஒப்புதல். நாஸ்கார் ஓட்டுநர் உரிமத்தைக் காசு கட்டி வாங்கிவிட முடியாது. எந்த வகை டிராக்கில் ஓட்டலாம் என்று படிப்படியாகத்தான் அனுமதிப்பார்கள்: முதலில் சின்ன ஓவல் (முட்டை வடிவ டிராக்), பிறகு ஒன்றரை மைல் டிராக், கடைசியில் டேடோனா, டல்லாடேகா. ஹிக்கரி அரை மைல்கூட இல்லாத டிராக்; டேடோனா இரண்டரை மைல். நடுவே ஆர்கா என்ற கீழ்நிலை ரேஸ் தொடர் போன்ற ஏணிப்படி இல்லாமல் இந்தத் தாவல் நடக்காது. எத்தனை ரேஸ் ஓடினால் போதும் என்று ஒரு பட்டியலைத் தெளிவாக வெளியிட்டால் பாதி ஏஜென்டுகளுக்குப் பிழைப்பு போய்விடும். வெளியிட மாட்டார்கள். ஆளைப் பார்த்து, ரேஸ் வரலாற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பதில் வரும் வேகமும் அப்படித்தான். பெற்றோர் இருட்டில் நிற்க, ‘உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது’ என்பவர் டார்ச் விற்கிறார். ஒப்புதல் எழுத்தில் வரும். அதைக் கண்ணால் பார்க்காமல் பெரிய தொகை எதுவும் நகரக் கூடாது.

ஆகவே மகன் முதலில் பார்க்க வேண்டியது மார்ட்டின்ஸ்வில், ராக்கிங்ஹாம் போன்ற ஒரு மைலுக்கு உட்பட்ட டிராக்குகளை. அவன் கற்றது அங்கே உதவும்: பிரேக்கை எங்கே விடுவது, பின் டயர் வழுக்காமல் ஆக்ஸிலரேட்டரை எப்படிக் கொடுப்பது. அதற்கும் ஒப்பந்தம் வேண்டும். ஏஜென்ட் தருவது பெரும்பாலும் இரண்டு பக்கம். அதில் இருக்க வேண்டிய எதுவும் இருக்காது.

டயரைப் பாருங்கள். குட்இயர் டயர்களை டீம்கள் வாடகைக்குத்தான் எடுக்கின்றன. ஒரு ரேஸுக்கு இத்தனை செட் என்று உச்சவரம்பு உண்டு, அத்தனையையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் பணம் இல்லாத டீம் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். கடைசி ஐம்பது லாப்பில் மற்றவர்கள் புது டயரில் போக, உங்கள் பையன் தேய்ந்ததில் வழுக்கிக்கொண்டு லாப் லாப்பாகப் பின்தங்குவான். ‘புது டயர் எத்தனை செட்’ என்பது எண்ணாக எழுதப்பட வேண்டும். ரேஸ் நடுவே டயர் மாற்றும் பிட் குழுவும் அப்படியே. கப் காரில் சக்கரத்துக்கு ஒரே நட். ஓரைலி காரில் இப்போதும் ஐந்து. அன்றைக்குக் கூலிக்கு வந்த குழு ஒரு நட்டைத் தவறவிட்டால் திரும்ப உள்ளே வர வேண்டும், சின்ன டிராக்கில் அதற்கே இரண்டு லாப் போய்விடும்.

சேதப் பிரிவுதான் பெரிய பள்ளம். ‘ஓட்டுநரால் ஏற்படும் சேதம் ஓட்டுநர் பொறுப்பு’ என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிப் பாடி காம்போசிட் பேனல்கள், கழற்றி மாற்றிவிடலாம். முன்பக்கச் சட்டம் வளைந்தால்தான் செலவு. எது சேரும், எது சேராது, உச்சவரம்பு எத்தனை டாலர் என்று மூன்றும் வேண்டும். ரோடு கோர்ஸ் (இடமும் வலமுமாக வளையும் டிராக்) ரேஸ் என்றால் இன்ஜினைத் தனியாக எழுத வையுங்கள். கையால் மாற்றும் நான்கு கியர் பெட்டி; நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது கை தவறி முதல் கியரில் விழுந்தால் இன்ஜின் எல்லை மீறிச் சுழன்று வால்வு நொறுங்கும். பல டீம்களில் இன்ஜினே வாடகைச் சரக்கு. பில் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஸ்பான்சர் பிடிக்க ஏஜென்ட் காட்டும் படங்களையும் நம்பி இறங்காதீர்கள். 33 ரேஸும் சிடபிள்யூ சேனலில் வருவது உண்மை. கேமரா முன்னால் ஓடுபவர்களையும் சுவரில் மோதியவர்களையும்தான் தேடும். ‘ஒரு வெற்றி போதும், பிளேஆஃப் உறுதி’ என்று எழுதியிருந்தால் அது பழைய தாள். 2026 முதல் அந்தச் சலுகை போயிற்று: வெற்றிக்கு 55 புள்ளி, புள்ளியில் முதல் 12 பேர் கடைசி 9 ரேஸில் பட்டத்துக்கு மோதும் ‘சேஸ்’ கட்டத்துக்குள் போவார்கள்.

எச்-4 விஷயம் சுருக்கமாக. அந்த விசாவில் பிள்ளைகளுக்கு வேலை அனுமதி கிடையாது; ஈஏடி (வேலை அனுமதி அட்டை) சலுகை சில கணவன் அல்லது மனைவிக்கு மட்டும். பரிசுப் பணத்தில் பங்கு, ஸ்பான்சர் சம்பளம் எல்லாம் வேலையாகக் கொள்ளப்படலாம். குடிவரவு வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. ‘அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவரை விட்டுவிடலாம்.

பணம் நகரும் வரிசை இது. டீமின் பெயரில் இன்வாய்ஸ் வாங்குங்கள், ஏஜென்டின் பெயரில் வேண்டாம். அந்தக் கம்பெனி வட கரோலினா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. டீமின் ஷாப் (கார் தயாராகும் பட்டறை) பெரும்பாலும் மூர்ஸ்வில்லிலோ கன்கார்டிலோ இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணம்தான். போய்க் காரையும், மகனின் உடம்புக்கு சீட் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். ஏஜென்ட் கூட்டிப் போகத் தயங்கினால் நேராக டீமுக்குப் போன் போடுங்கள். அவர் பெயரே அங்கே தெரியாமல் இருப்பது அபூர்வம் அல்ல. தொகையை வக்கீலின் எஸ்க்ரோ கணக்கில் (நிபந்தனை நிறைவேறும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கு) வையுங்கள். கால்வாசி கையெழுத்தின்போது, கால்வாசி ஒப்புதல் கடிதம் வந்ததும், மீதி அதிகாரபூர்வ நுழைவுப் பட்டியலில் மகன் பெயர் வந்த பிறகு. தகுதி பெறாமல் திரும்பினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எண்ணாக வேண்டும். லாரி, ஹோட்டல் செலவை டீம் பிடித்துக்கொள்வது நியாயம், முழுத்தொகையும் போயிற்று என்பது நியாயம் இல்லை.

இன்று இரவே அந்த ஏஜென்டுக்கு ஒரு வரி மெசேஜ் போடுங்கள்: “கார் நம்பரும் ஓனர் பெயரும் அனுப்புங்கள், மற்றதை டீமிடம் பேசிக்கொள்கிறேன்.”